சமன் ஆற்றுக்குக் கொண்டு போன செய்தி

அம்மா செத்து, எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த அடுத்த கிழமை நான் கனடாவுக்கு மீன் பிடிக்கப் போனேன். கேட்பவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குக் கீழே கடை வைத்திருக்கும் நானாவிடம் சொன்னபோது, பருப்பு நிறுப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, ‘அல்லாஹ் காப்பாத்துவான், போயிட்டு வாங்க’ என்றார்.

விஷயம் இதுதான். என் தம்பி குகன் டொரொன்டோவில் இருக்கிறான். எல்லோரும் போன காலத்தில் போனவன். அம்மா சாவதற்குச் சில கிழமைகளுக்கு முன் அவனுக்கு மாரடைப்பு வந்து, இரத்தக் குழாயில் ஏதோ வைத்து, பிழைத்து வீட்டுக்கு வந்திருந்தான். அதிர்ச்சி தரும் எதையும் சொல்லக் கூடாது என்று டொக்டர் சொன்னாராம். டொக்டர்தான் சொன்னாரோ, அவன் மனைவி வசந்தி சேர்த்துச் சொன்னாளோ, யார் கண்டது. அம்மா போன அன்று விடிய அக்காவும் நானும் வசந்தியும் போனில் கூடிக் கதைத்து, குகனுக்கு இப்போதைக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம். வருத்தக்காரனுக்குச் சாவீட்டை மறைப்பது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. ஒருவரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், தாய்க்கு இளையவன். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் குகன். அவன் சோபாவில் சாய்ந்திருந்து குளிசை விழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், பொரளைச் சுடலையில் அவனுடைய கொள்ளியை நான் வைத்தேன். மீசையை மழித்ததும் நான்தான். சாம்பலை முகத்துவாரத்தில் கடலோடு சேர்த்ததும் நான்தான்.

முப்பத்தோராம் நாள் வருவதற்குள் அவனுக்குச் சொல்லியாக வேண்டும். அந்தியேட்டிக் கிரியையாவது அவன் கையால் நடக்க வேண்டும். சொல்லியும் அவன் உயிரோடு இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து அக்கா என் தலையில் கட்டினாள். “நீ நேர போய், பக்கத்தில இருந்து, கையைப் பிடிச்சுக்கொண்டு சொல்லு” என்றாள். குகன் வருடா வருடம் செப்டெம்பரில் சமன் என்கிற சால்மன் மீன் பிடிக்க ஓர் ஆற்றுக்குப் போவான். இந்த முறையும் போயே தீருவேன் என்று நின்றான். வசந்திக்கு லீவு இல்லை. பழைய கல்யாணம் ஒன்றுக்கு எடுத்த விசா என்னிடம் இருந்தது. துணைக்கு அண்ணையை வரச் சொல்லு என்று அவனே வசந்தியிடம் கேட்டான்.

கட்டுநாயக்காவில் கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் நல்ல தடித்த மீசை. “அம்மாவா, அப்பாவா?” என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா என்றேன். தலையை ஆட்டிவிட்டு மெதுவாக முத்திரை குத்தினார். பார்த்த கணத்திலேயே முன்பின் தெரியாத மனிதருக்கு விளங்கிவிட்டதே, குகனுக்கு விளங்காதா என்று விமானம் முழுக்க யோசித்துக்கொண்டே போனேன்.

டொரொன்டோவில் குகன் என்னைக் கட்டிப்பிடித்தான். நன்றாக மெலிந்திருந்தான். சட்டைக் கொலர் கழுத்தில் பொருந்தவில்லை. மீசையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பெரிய நிம்மதி. கேட்டால் நரைத்துவிட்டது, எடுத்துவிட்டேன் என்று சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

வசந்தி இடியப்பமும் சொதியும் எனக்குப் போட்டாள், அவனுக்கு மீன் குழம்பு. எனக்கு ஏன் மீன் இல்லை என்று அவன் கேட்க, சாவீட்டு விரதம் என்று சொல்ல முடியாமல், பிளேன் சாப்பாட்டில் வயிறு சரியில்லை என்றேன். வசந்தியும் தனக்கு வயிறு சரியில்லை என்றாள். பிறகு குசினியில் என்னைப் பிடித்து, “இப்ப வேண்டாம் அண்ணா. ஆத்துக்குப் போய்ச் சந்தோசமா இருந்திட்டு வரட்டும், பிறகு சொல்லுவம்” என்று கெஞ்சினாள். அக்கா நேரே போய்ச் சொல் என்கிறாள், இவள் பிறகு என்கிறாள். நான் முதுகில் மூட்டையோடு இறக்க இடம் தேடும் நாட்டாமை மாதிரி நடுவில் நின்றேன்.

அடுத்த நாள் நாங்கள் இருவரும் நியூ பிரன்ஸ்விக் என்ற மாகாணத்துக்குப் பறந்தோம். விமானம் நம்மூர் ரோசா மினி பஸ்ஸை விடக் கொஞ்சம் பெரியது, சத்தமும் அதே அளவு. இறங்கி வாடகைக் கார் எடுத்தோம். நான்தான் ஓட்டினேன். வாழ்நாள் முழுக்க ஒருகொடவத்தைக் கொள்கலன் லொறிகளுக்கு நடுவில் ஓட்டியவன் நான். இங்கே வீதியில் நான் மட்டும்தான். இரண்டு பக்கமும் காடு. அரை மணித்தியாலம் ஒரு மனிதரைக் காணவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது.

அப்படிப்பட்ட இடத்தில்தான் சில்லுக் காற்றுப் போனது. போனில் சிக்னல் இல்லை. குகன் காரை உயர்த்தும் ஜக்கைத் தூக்கப் போனான். தொடாதே என்று நான் போட்ட சத்தத்தில் அவனே திடுக்கிட்டான். கொழும்பில் இப்படி நின்றால் இரண்டு நிமிடத்தில் பத்துப் பேர் கூடி, பதினொரு விதமாக யோசனை சொல்வார்கள். இங்கே நெடுநேரம் கழித்து ஒரு கிழவர் பழைய வண்டியில் வந்தார். பேசாமல் இறங்கி, பேசாமல் சில்லை மாற்றினார். கைகளைத் துடைத்துக்கொண்டு, “சமனுக்கா?” என்று மட்டும் கேட்டார். ஓம் என்றதும், “தண்ணி காணாது. சூடும் கூட. பாவம் மீன்கள்” என்றார். எங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

சமன் என்றால் எங்களுக்கு டின் மீன். கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில் மாதக் கடைசியில் அம்மா ஒரு டின்னை உடைத்து, உருளைக்கிழங்கு நிறையப் போட்டு எல்லோருக்கும் பங்கு வைப்பா. அந்த டின்னுக்குள் இருந்தது சமனே இல்லை, வேறு ஏதோ மீன் என்று குகன் காரில் வைத்துச் சொன்னான். அறுபது வயதுக்கு மேல் இதைக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆற்றோரம் மரக் குடில்கள். நடுவில் எல்லோரும் சாப்பிட ஒரு மண்டபம். அங்கே மட்டும்தான் இன்டர்நெட் உண்டு. சாப்பாடு அவித்த உருளைக்கிழங்கு, சீனி போட்ட பீன்ஸ், பாண். சீனி போட்ட பீன்ஸைக் கண்டுபிடித்தவனை ஒருநாள் சந்திக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பன்றி இறைச்சியும் இருந்தது. நான் அக்கா தந்துவிட்ட மிளகாய்த்தூளைக் கிழங்கில் தூவி வயிற்றை நிரப்பினேன். பக்கத்து மேசையில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது: “நாலாவது வருசமா வாறன். இன்னும் ஒண்டும் படேல்லை. அடுத்த வருசமும் வருவன்.” முகத்துவாரத்தில் இப்படி ஒருவர் கதைத்தால் வீட்டுக்காரி வலையோடு சேர்த்து அவரையும் வெளியே எறிந்திருப்பாள்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவள் கிளாரா. என் வயது இருக்கும். தொப்பி முழுக்க இறகில் கட்டிய ஈக்கள் குத்தியிருந்தன. இந்த ஈயைத்தான் தூண்டிலில் கட்டி வீச வேண்டும். புழு, இறால் எதுவும் கூடாது. ஆற்றுக்குள் ஏறிவரும் சமன் எதையும் சாப்பிடாதாம். முட்டையிடும் வரைக்கும் பட்டினி. மூக்குக்கு முன்னால் ஈயைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய், அதற்குக் கோபம் வரவைத்துத்தான் பிடிக்க வேண்டுமாம். பிடித்தாலும் சமனை உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும், அது சட்டம். ட்ரவுட் என்ற இன்னொரு மீன் மட்டும் சிறியதாக ஒன்றிரண்டு சமையலுக்கு எடுக்கலாம். சாப்பிடாத மீனை, சாப்பிட முடியாத மீனை, மீன் சாப்பாட்டை விட்ட ஒருவன் கரையில் இருந்து பார்க்கிறேனே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பும் நெடுநேரம் நிற்கவில்லை.

குகன் மார்பு வரை ரப்பர் காற்சட்டை போட்டு ஆற்றில் இறங்கினான். நீண்ட தடியை அவன் பின்னால் எடுத்து முன்னால் விட, கயிறு காற்றில் விரிந்து போய் மெதுவாகத் தண்ணீரில் இறங்கியது. வெள்ளவத்தைக் கற்களில் தங்கூசி நூலைக் கையில் சுற்றிக்கொண்டு நின்று, தண்டவாளத்தில் கோச்சிச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பவனுக்கு இதெல்லாம் எப்போது வந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வீச்சுக்கும் அவன் நெஞ்சைத்தான் பார்த்தேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பேன். மத்தியானம், சாப்பிட்ட பிறகு என்று நினைப்பேன். பின்னேரம், களைத்திருக்கிறான், நாளைக்கு என்று நினைப்பேன். அக்கா மெசேஜில் சொல்லிட்டியா, சொல்லிட்டியா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை அவன் இரண்டு ட்ரவுட் பிடித்தான். அழகான மீன். முதுகில் புழு ஊர்ந்த மாதிரிக் கோடு, பக்கங்களில் சிவப்புப் புள்ளி, செட்டை ஓரத்தில் வெள்ளைக் கரை. குடிலில் இருந்த சிறிய அடுப்பில் அவனே மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பூசிப் பொரித்தான். குடில் முழுக்க எங்கள் வீட்டு வாசம். ஒரு கோப்பையில் சோறு போட்டு, மேலே முழு மீனை வைத்து என் முன்னால் தள்ளினான்.

“இண்டைக்கு வயிறு சரியாயிருக்கும். சாப்பிடுங்கோ அண்ணை.”

நான் மீனைப் பார்த்தேன். இனியும் வயிற்றைச் சாட்ட முடியாது. அம்மாவுக்கு முப்பத்தொன்று ஆகவில்லை. கொள்ளி வைத்த கை. தின்னாமல் விட்டால் பிடிபடுவேன், பிடிபட்டால் இந்தக் காட்டுக்குள், ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்றும் தெரியாத இடத்தில், இவனுக்கு ஏதும் நடந்தால் என்ன செய்வேன். அம்மா மன்னிப்பா என்று நினைத்து ஒரு துண்டைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனேன்.

குகன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“நிப்பாட்டுங்கோ அண்ணை. முப்பத்தொண்டு முடியேல்லை எல்லோ.”

மீன் துண்டு கோப்பைக்குள் விழுந்தது.

“ஆர் சொன்னது?” என்றேன்.

“ஒருத்தரும் சொல்லேல்லை. எயார்போட்டில உங்கட முகத்தப் பாத்தனான், மீசை இல்லை. வீட்ட வந்தா வசந்திக்கும் வயிறு சரியில்லை, உங்களுக்கும் வயிறு சரியில்லை. ஒரு வீட்டில ரெண்டு பேருக்கு ஒரேயடியா வயிறு சைவமாகுமோ? உங்கள் எல்லாருக்கும் பொய் சொல்லப் பயமில்லை. ஒரு துண்டு மீன் தின்னத்தான் பயம்.”

“அப்ப ஏன் அண்டைக்கே கேக்கேல்லை?”

“கேட்டா நீங்கள் ஓம் எண்டுவியள். பிறகு ஓம்தானே.”

அவன் எழுந்துபோய் அடுப்பை அணைத்தான். முதுகைக் காட்டிக்கொண்டே எந்த நாள் என்று கேட்டான். சொன்னேன். கஷ்டப்பட்டவவோ என்று கேட்டான். இல்லை, அக்கா தேத்தண்ணி கொண்டுபோன நேரம் போயிருந்தா என்றேன். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டான்.

“ஆர் வச்சது?”

“நான்.”

“அது என்ர கொள்ளி.”

“ஓம்.”

“வீடியோவில ஒருத்தரும் காட்டேல்லையோ?”

பொய் சொல்லக் களைத்துப் போயிருந்தேன். காட்டினோம் என்றேன். லண்டனில் சித்தி பார்த்தா. சிட்னியில் மாமா குடும்பம் பார்த்தது. டொரொன்டோவில் வசந்தி குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, போனில் பார்த்தாள். அப்போது அவன் வெளியே சோபாவில் இருந்தான்.

குகன் இதைக் கேட்டுக்கொண்டு நின்றான். என்னை அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். தன் கோப்பையில் இருந்த மீனையும் என் கோப்பையில் இருந்ததையும் எடுத்து ஒரு பையில் போட்டுக் கட்டினான். கையைக் கழுவினான். ரப்பர் காற்சட்டையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனான். நான் பின்னாலேயே ஓடினேன்.

கரையில் கிளாராவிடம் என் உடைந்த இங்கிலிஷில் இவருடைய தாய் இறந்துவிட்டா என்று சொன்னேன். எப்போது என்று கேட்டாள். இதற்கு இரண்டு பதில் இருந்தது. அவருக்கு இன்றைக்கு என்றேன். அவள் தொப்பியைக் கழற்றினாள். இந்த நிலையில் தண்ணீருக்குள் நிற்கக் கூடாது, கூப்பிடுங்கள் என்றாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

பின்னேரம், வெயில் சாயும் நேரத்தில், சமன் பட்டது. தடி அப்படியே வளைந்தது. மீன் ஒருமுறை முழு உடம்பும் தெரியத் துள்ளி விழுந்தது, என் முழுக் கை நீளம் இருக்கும். நூல் சுற்றிய சக்கரம் கத்தியது. கெதியாய் இழுங்கள், தண்ணீர் சூடு, மீன் தாங்காது என்று கிளாரா சத்தம் போட்டாள். அவன் அவசரப்படவில்லை. அது ஓட விட்டான், வர விட்டான், மறுபடி ஓட விட்டான். ஏன் அப்படிச் செய்தான் என்று எனக்குத் தெரியாது. அவனுடைய வாய் திறந்திருந்தது. நான் கரையில் நின்று அவனுக்கு அல்ல, அவன் நெஞ்சுக்குள் இருக்கும் அந்தச் சின்னக் குழாய்களுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மீன் பக்கவாட்டில் சரிந்து வந்தது. கிளாரா தண்ணீருக்குள்ளேயே தூண்டிலைக் கழற்றினாள். ஒரு கையால் வாலையும் மற்றக் கையால் வயிற்றையும் பிடித்து, நீரோட்டத்துக்கு முகம் காட்டி வைத்திருக்கச் சொன்னாள். தெம்பு வந்ததும் அதுவே உதறிக்கொண்டு போகுமாம். குகன் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். மீனின் செவுள் பூ ஒருமுறை விரிந்தது, இன்னொருமுறை விரிந்தது. பிறகு விரியவில்லை.

கிளாரா குனிந்து பார்த்தாள். “போய்விட்டது. மன்னிக்க வேண்டும்” என்றாள். “ஆற்றிலேயே விட வேண்டும். செத்தாலும் எடுக்க முடியாது.”

“கொஞ்சம் பொறுங்கோ” என்றான் குகன் தமிழில்.

அவன் விடவில்லை. கிளாரா என்னைப் பார்த்தாள். நான் காற்சட்டையோடும் சப்பாத்தோடும் ஆற்றுக்குள் இறங்கினேன். தண்ணீர் சூடு என்று சொன்னவர்கள் வெள்ளவத்தைக் கடலில் கால் வைத்திருக்க மாட்டார்கள், எனக்கு எலும்பு விறைத்தது. அவன் கைகள் வெளிறிப்போய் இருந்தன. அவன் தோளைப் பிடித்தேன்.

“விடு தம்பி.”

“நான் பக்கத்தில இருந்திருக்க வேணும் அண்ணை. நான் இருந்திருக்க வேணும்.”

மீனை எப்போது விட்டான் என்று நான் கவனிக்கவில்லை. அது வயிற்றை மேலே காட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போய் ஒரு கல்லில் தட்டி நின்றது, பிறகு அதையும் சுற்றிக்கொண்டு போனது. அவன் அந்தத் தண்ணீருக்குள் நின்று பெரிய சத்தமாக அழுதான். மாரடைப்பு வந்தவனை அழ விடலாமா, விடக் கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகை வந்தது. பொரளையில் எனக்கு அழுகை வரவில்லை, அங்கே வேலை நிறைய இருந்தது.

அடுத்த நாள் காலை மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அவன் உயிரோடு இருந்தான், முகம் வீங்கியிருந்தது. முப்பத்தொன்றுக்குத் தான் கொழும்புக்கு வருவதாகவும், டொக்டர் என்ன சொன்னாலும் வருவதாகவும் சொன்னான். தனக்குத் தெரியும் என்பதை இன்றைக்கு மட்டும் அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அக்காவைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைக்கிறானாக்கும் என்று எண்ணினேன்.

என் போன் அடித்தது. அக்கா. கொழும்பில் பின்னேரம். நான் எடுப்பதற்குள் அவன் எடுத்தான்.

“அக்கா, நான் குகன். அண்ணை பக்கத்தில இருக்கிறார். அம்மா எங்க?”

போனுக்குள் வெள்ளவத்தைக் காலி வீதி பஸ்களின் சத்தம் கேட்டது.

“கோயிலுக்குப் போயிட்டா” என்றாள் அக்கா.

“ஆரோட?”

“பக்கத்து வீட்டு ரீச்சரோட. ஓட்டோவிலதான் அனுப்பினனான். வெயில்ல நடக்க விடேல்லை.”

“மத்தியானம் என்ன சாப்பிட்டவ?”

“சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கினவ.”

“முழங்கால் நோ?”

“பரவாயில்லை. ராத்திரி எண்ணெய் பூசி விட்டனான்.”

அக்காவின் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நான் போதும் என்று போனுக்குக் கையை நீட்டினேன். குகன் என் கையை விலக்கிவிட்டு, போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டான். கண்ணை மூடியிருந்தான்.

“கோயிலுக்கு என்ன சீலை உடுத்தவ அக்கா?”

“நீ போன முறை வாங்கிக் குடுத்தது. மாம்பழக் கலர், பச்சைக் கரை போட்டது.”

அந்தச் சேலையை உடுத்தித்தான் அம்மாவைப் பெட்டியில் வைத்தோம்.

“அம்மாவுக்கு அது வடிவா இருக்கும்” என்றான் தம்பி. “நாளைக்கும் இந்த நேரம் எடுங்கோ அக்கா.”